தூண்டல் பொதுமையாதல், வேறுபடுத்தி அறிதல்: சொல் விளக்கம்

‘ப’வை இப்போதுதான் கற்ற குழந்தை, ‘ம’வையும் ‘ய’வையும் காட்டினாலும் ‘ப’ என்றே சொல்லும். ஒரு தூண்டலுக்குப் பழகிய துலங்கல், அதாவது அதற்குப் பதிலாக எழும் செயல், அதன் சாயலுள்ள மற்றவற்றுக்கும் எழுவதுதான் ஸ்டிமுலஸ் ஜெனரலைசேஷன். எதற்குப் பலன் உண்டு, எதற்கு இல்லை எனப் பழகி, அதன்படி பிரித்து நடப்பது டிஸ்கிரிமினேஷன்.

லத்தீனில் ஸ்டிமுலஸ் என்றால் மாட்டைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோல். தமிழில் திரியைத் தூண்டுவதற்கும் ஆளைத் தூண்டுவதற்கும் ஒரே வினைதான் என்பதால் ‘தூண்டல்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘பொதுமைப்படுத்தல்’தான் கொஞ்சம் இடறுகிறது. அது பிறவினை, யாரோ யோசித்து முடிவுகட்டுவதுபோல் ஒலிக்கும். இத்துறைச் சோதனைகளில் பழக்கப்படும் புறா எதையும் முடிவுகட்டுவதில்லை. ‘பொதுமையாதல்’ என்ற தன்வினையே சரி. டிஸ்கிரிமினேஷனுக்குப் ‘பாகுபாடு’ வேண்டவே வேண்டாம். அது சாதி, பால் அநீதியைக் குறிக்கும் சொல். சென்னையில் கட்டணமில்லாப் பயணத்துக்காக டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு, முகப்பில் பிங்க் அடித்த பஸ்ஸுக்குக் கைகாட்டும் பெண் செய்வது பாகுபாடு அல்ல, வேறுபடுத்தி அறிதல்.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் ஷெட்யூலை ‘வலுவூட்டல் அட்டவணை’ என்றால் ரயில் நேரம்தான் நினைவுக்கு வரும். எந்தத் துலங்கலுக்குப் பரிசு என்று சொல்லும் விதி அது. ‘வலுவூட்டல் முறைமை’ எனலாம். விகிதம் (எத்தனை துலங்கலுக்கு ஒரு பரிசு), இடைவெளி (எவ்வளவு நேரம் கழிந்தபின் பரிசு) என்ற இரண்டும் நிலையாகவோ மாறியோ இருக்க, அடிப்படை முறைமைகள் நான்கு. இங்கே முக்கியமானது மாறு இடைவெளி: சராசரி 1 நிமிடம் என்றால், சில நொடியோ ஓரிரு நிமிடமோ கழிந்தபின் புறா கொத்தும் முதல் கொத்தலுக்குத் தானியம்.

உளவியலாளர்கள் கட்மேனும் காலிஷும் 1956-இல் புறாக்களை ஒரே நிற ஒளியைக் கொத்த இந்த முறையில் பழக்கினார்கள். பிறகு தானியத்தை நிறுத்திவிட்டுப் பல நிறங்களைக் காட்டினார்கள். பழகிய நிறத்தில் கொத்தல் உச்சம், இருபுறமும் படிப்படியாக இறக்கம்: இதுவே பொதுமைச் சரிவு. மாறு இடைவெளியைத் தேர்ந்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு. கொத்தும்தோறும் தானியம் கிடைத்த புறா, அது நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எல்லா நிறத்தையும் சோதித்து முடிக்க முடியாது.

முறைமை மாறினால் சரிவின் வடிவமும் மாறும். சராசரி இடைவெளி நீள நீளச் சரிவு தட்டையாகும், அதாவது நிறம் மாறினாலும் கொத்தல் அவ்வளவாகக் குறையாது. காத்திருந்து மெதுவாகக் கொத்தினால்தான் பரிசு என்றால், மாறு இடைவெளியில் வருவதைவிடத் தட்டை. புறாவின் கொத்தலை ஒளியைவிடக் கழிந்த நேரமே ஆளுகிறது போலும். ஆகவே முறைமையைச் சொல்லாமல் ‘எவ்வளவு பொதுமையாயிற்று’ என்று மட்டும் எழுதுவது அரைகுறைத் தகவல்.

வேறுபடுத்தப் பழக்கியபின் இன்னொரு வேடிக்கை. ஹான்சன் என்ற ஆய்வாளர் 1959-இல் புறாக்களுக்கு 550 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குத் தானியம் கொடுத்து, 560 போன்ற அண்டை ஒளிக்கு மறுத்தார். சோதனையில் உச்சம் 550-இல் நிற்காமல் எதிர்ப்புறமாக 540 பக்கம் நகர்ந்தது. இது உச்சப் பெயர்ச்சி.

முதலில் சொன்ன குழந்தைக்கு வருவோம். இரண்டு எழுத்து அட்டைகளை அருகருகே வைத்து ‘ப’வைத் தொடப் பழக்குகிறோம் என்று கொள்வோம். ‘ப’வுக்கு எதிரே முதலில் சாயலே இல்லாத ‘இ’. அது உறுதியான பிறகே ‘ய’, ‘ம’. தொடக்கத்தில் ஒவ்வொரு சரியான விடைக்கும் பரிசு, பிறகு இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று குறைத்தால் குழந்தை அட்டையையே தொடாது. சரியான அட்டை எப்போதும் வலப்பக்கம் இருந்தால் குழந்தை கற்பது எழுத்தை அல்ல, பக்கத்தை. ஆகவே ஒரே பக்கத்தில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வைக்கக் கூடாது. ஆசிரியரின் கண் எந்த அட்டைக்குப் போகிறது என்பதும் குழந்தைக்குத் துப்புதான். ஒரே அட்டையைப் பல நாள் காட்டினால் அதன் மடிந்த முனையே அடையாளமாகிவிடும். கடைப் பலகையிலும் ‘ப’வைப் படிக்க வேண்டுமென்றால், அச்சும் அளவும் நிறமும் மாறிய நாலைந்து ‘ப’ அட்டைகளைக் கலந்து பழக்க வேண்டும்.