தீச்சுவரும் இல்லை, தீயரணும் இல்லை: ஃபயர்வாலுக்குக் காவலரண்

வலைவழியே வேண்டாதவை கணினிக்குள் வராமல் தடுக்கும் ஃபயர்வாலைத் "தீச்சுவர்" என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் கணினி வகுப்புகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கேட்கிற பிள்ளை நெருப்பு கொழுந்துவிடும் சுவரைத்தான் நினைக்கும். சொல்லின் பொருளோ நேர் எதிர். ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாமல் மறிக்கும் சுவருக்கு ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் உண்டு. காரில் என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டுக்கும் இதே பெயர்தான். 1980-களின் கடைசியில் கணினிக்கு வந்தது. பிறப்புக் கதை அவ்வளவே.

தவறு தெரிந்த சிலர் "தீயரண்" என்று திருத்தினார்கள். அரண் அருமையான சொல். குறளில் 75-ஆம் அதிகாரத்தின் பெயரே அது. கோளாறு முன்னால் ஒட்டிய தீயில் இருக்கிறது. நீரரண் என்றால் நீரே அரண். மலையரணில் மலையே அரண், காட்டரணில் காடே அரண். இந்த வரிசையில் தீயரணைக் கொண்டு நிறுத்தினால் தீயே அரண் என்றுதான் ஆகும். சுற்றிவளைத்துத் தீச்சுவருக்கே வந்து சேர்ந்தாயிற்று. "தீயைத் தடுக்கும் அரண் என்று விரித்துக்கொள்ளுங்களேன், உருபும் பயனும் உடன்தொக்க தொகைதானே" என்று வாதிடுவார்கள். இலக்கணம் இடம் தரலாம், காது தராது. போதாக்குறைக்குத் தீவினை, தீயோர் என்று பழகிய காதில் "தீய அரண்" என்றும் விழுகிறது. அதைவிடப் பெரிய கேள்வி, சர்வரில் தீ எங்கே இருக்கிறது? ஆங்கிலக்காரன் கட்டடத்திலிருந்து எடுத்துவந்த உவமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வெறும் "அரண்" போதும் என்பவர்களும் உண்டு. மலையாளத்தில் "அரண" என்றால் அரணை. புனலூரிலிருந்து வந்து படிக்கிற பையனுக்கு அது புதருக்குள் ஓடும்!

காவலரண் என்று சொல்வதே சரி. ஈழத்து நாளிதழ்களில் நெடுநாளாகப் புழங்கும் சொல்; ஆள் நின்று, வருகிறவரை நிறுத்திப் பார்க்கும் இடத்தைக் குறிப்பது. ஃபயர்வால் செய்வதும் இதுதான். புளியரைச் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்துவதுபோல வலைவழி வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் நிறுத்தி, எந்த முகவரியிலிருந்து வருகிறது, எந்தப் போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட எந்த வாசலுக்குப் போகிறது என்று பார்க்கிறது. லினக்ஸின் காவலரணான ஐபிடேபிள்ஸில் விதிகள் மேலிருந்து கீழாகச் சரிபார்க்கப்படும். முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. மேலே "எல்லாரையும் விடு" என்று எழுதிவிட்டுக் கீழே பத்து முகவரிகளைத் தடுத்துப் பயனில்லை.

சுவர் என்று நினைப்பவர் எழுப்பிவிட்டுப் போய்விடுவார். வெப் சர்வரில் அது நடக்காது. 80, 443 என்ற இரண்டு போர்ட்டுகளும் திறந்தே இருந்தாக வேண்டும், தாக்குகிறவனும் அதே வழியில்தான் வருவான். ஆகவே காவலுக்கு ஆள் வேண்டும். ஃபெயில்2பேன் என்ற மென்பொருள், சர்வரின் நிகழ்வுப் பதிவான லாக்கைப் படித்துக்கொண்டே இருந்து, 10 நிமிடத்தில் 5 தடவை கடவுச்சொல்லில் தோற்ற முகவரியை 10 நிமிடம் தடுக்கும். இவை அதன் இயல்பு அளவுகள். மாற்ற வேண்டுமானால் ஜெயில்.லோக்கல் கோப்பில் மாற்றுங்கள், மென்பொருளோடு வரும் ஜெயில்.கான்ஃபில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடக்கூடும். சர்வருக்கு முன்னால் ப்ராக்ஸி என்ற இடைச் சர்வர் இருந்தால் லாக்கில் ப்ராக்ஸியின் முகவரிதான் விழும். அதைத் தடுத்தால் வாடிக்கையாளர் அத்தனை பேரும் வெளியே. முதலில் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் ரியல் ஐபி அமைப்பில் ப்ராக்ஸியின் முகவரியைக் கொடுத்து, உண்மையான முகவரி லாக்கில் விழ வைக்க வேண்டும். செல்போன்காரர்கள் பலர் ஒரே முகவரியிலிருந்து வருவார்கள் என்பதால் தடைக்காலத்தை மாதக்கணக்கில் நீட்டுவதும் ஆபத்து.

லினக்ஸ் வகையான உபுண்டுவில், ஐபிடேபிள்ஸ் விதிகளை எளிதாக எழுதித்தரும் யுஎஃப்டபிள்யூவை இயக்கும் முன் 22-ஆம் போர்ட்டை அனுமதிக்க மறந்தால், அடுத்த முறை, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான். செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இதைவிட மோசம். அது தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் நேராக எழுதிவிடுகிறது. யுஎஃப்டபிள்யூ "மூடியிருக்கிறது" என்று காட்டும். கன்டெய்னருக்கென வெளியிட்ட டேட்டாபேஸ் போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கும். வெளியிடும்போதே அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியை முன்னால் சேர்த்துவிட்டால் வெளியாள் தொட முடியாது.

போர்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது: இதைத் "துறைமுகம்" என்று பெயர்த்த கையேடுகள் இருக்கின்றன! "443-ஆவது துறைமுகத்தைத் திறக்கவும்" என்று படிப்பவன் தூத்துக்குடிக்குத்தான் போவான். சர்வரைப் பாதுகாப்பாக்கும் ஹார்டனிங்குக்குக் "கடினப்படுத்தல்" என்று போடுகிறார்கள். தேவையில்லாத சேவைகளை நிறுத்தி, உரிமைகளைக் குறைத்து, முழு அதிகாரக் கணக்கான ரூட்டின் நுழைவை அடைக்கிற வேலைக்கு அந்தச் சொல்லில் என்ன குறிப்பு இருக்கிறது? "அரண்செய்தல்" என்றால் குறையா? அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துப் போடுகிறவருக்கு ஒரு சர்வரையும் கொடுத்து ஒரு வாரம் லாக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை "தீச்சுவர்" என்று எழுதுவதைவிட "ஃபயர்வால்" என்றே விட்டுவிடுவது மேல். குறைந்தபட்சம் தேடினால் கிடைக்கும்.