கடன் பவுனில் மினுங்கும் கௌரவம்

"பொண்ணுக்கு எத்தன பவுன் போட்டாவ?" நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் காதில் விழுந்துவிடும் கேள்வி இது. கேட்டவர் மறுநாளே மறந்துவிடுவார். பதில் சொன்ன வீடு ஐந்து வருடம் தவணை கட்டும். குடும்பக் கடன் கணக்கு பார்ப்பவர்களுக்கு வீண்பெருமை ரசீதிலேயே அடையாளம் தெரியும்.

பெருமை எல்லாம் வீண் இல்லை. தென்திருவிதாங்கூராக இருந்த இந்த மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பொன்நகை போடவும் குடை பிடிக்கவும் தடை இருந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. 1859-ல் வந்த அரச அறிவிப்பும் நிபந்தனையோடுதான் வந்தது. அந்தப் பெண்களின் பேத்திகள் கழுத்தில் பொன் ஏறியது தன்மானம். அதைப் பகட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கையில் இல்லாத பணத்துக்கு, ஊர் பார்க்கட்டும் என்றே வாங்கும் பவுன் வேறு. அதைத்தான் இங்கே வீண்பெருமை என்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய்க்குப் பொன் எடுக்கிறீர்கள். செய்கூலியும் சேதாரமும் 15 சதவீதம் என்றால் 11.5 லட்சம். அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 11,84,500 ரூபாய். அடுத்த மாதமே அடகு வைக்கப் போனால் செய்கூலி, சேதாரம், வரி எதுவும் கணக்கில் வராது. கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். விலை மாறாமல் இருந்தாலும், 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடனுக்குப் பொன் மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. அதிகபட்சம் 7.5 லட்சம் கிடைக்கும். கொடுத்ததற்கும் கிடைப்பதற்கும் இடையே 4,34,500 ரூபாய் இடைவெளி.

இந்தப் பொன்னையே தனிநபர் கடனில் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 14 சதவீத வட்டியில் 10 லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 23,270 ரூபாய் வேண்டும். வட்டி மட்டும் நாலு லட்சத்தை நெருங்கும். அது போதாமல் மண்டபத்துக்கும் லைட் செட்டுக்கும் 5 லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 15,000, வருடம் 1,80,000. முதல் அப்படியே நிற்கும்.

பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தவணை தவறும். "நாலு மாசத்துல திருப்பித் தாறோம்" என்று சொல்லிப் பெண்ணின் நகையையே வாங்கி அடகு வைப்பார்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிப்பார்கள். அதுவும் முடியாதபோது ஏல நோட்டீஸ் வரும். மற்றவர் பார்க்கப் போட்ட நகையை யாருக்கும் தெரியாமல் இழப்பார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஆலோசனை கேட்க வேண்டிய முதல் மாதத்தைத் தவறவிடுவதுதான் பெரிய சேதம். ஒரு தவணை தவறியதுமே கடன் கொடுத்த இடத்தில் போய்ப் பேசுங்கள். ஏல நோட்டீஸ் வந்தபின் வழிகள் குறைந்துவிடும்.

தேதி குறிப்பதற்கு முன்பே செலவையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வோமா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று குறியுங்கள். சாப்பாடு ஆம். பருப்புப் பிரதமனும் மட்டிப்பழமும் நன்றாக இருக்கட்டும், அது விருந்தோம்பல். ஆர்ச், ட்ரோன், சந்திப்புக்குச் சந்திப்பு ஃபிளெக்ஸ் ஆகியவை பெரும்பாலும் இல்லை பக்கம்தான் விழும். அந்தப் பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள். எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சுருளில், அதாவது மொய்ப்பணத்தில், திரும்ப வரும் என்று நம்பி வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். அது நீங்கள் பிற வீட்டுக் கல்யாணங்களுக்குத் திருப்பி வைக்க வேண்டிய பணம்.

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாரும் கேட்காமல், பெற்றோர் மனமுவந்து தரும் அன்பளிப்புக்கும் பட்டியல் எழுத வேண்டும். பொருள், ஏறக்குறைய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றைக் குறித்து, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்த பொருட்களின் பட்டியலைப் பெண்ணே வைத்துக்கொள்ள வேண்டும். நகை பில்லையும் ஹால்மார்க் எண்ணையும் அதோடு சேர்த்து வையுங்கள். அடகுக்கு நகை கேட்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அது.