ட்ரைட்டகானிஸ்ட்: மூன்றாம் பொருநர்

நாடகத்தின் முதன்மைப் பாத்திரத்தைப் 'புரொட்டகானிஸ்ட்' என்கிறோம். அதற்கடுத்த இரு நிலைகளுக்கு 'டியூட்டரகானிஸ்ட்', 'ட்ரைட்டகானிஸ்ட்' என்ற பெயர்கள் உண்டு. மூன்றும் கிரேக்க வழி வந்தவை. 'அகோன்' என்றால் போட்டி, போராட்டம்; அதில் இறங்குபவர் 'அகோனிஸ்டெஸ்'. ஏதென்ஸில் துன்பியல் நாடகங்கள் மதுக்கடவுள் டயோனிசஸின் விழாவில் பரிசுக்குப் போட்டியிட்டே மேடையேறின.

முதலில் இவை பாத்திரங்களைக் குறிக்கவில்லை. நடிகர்களின் வரிசையைக் குறித்தன. இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் நாடகாசிரியர் எஸ்கிலஸ், மூன்றாமவரைக் கொண்டுவந்தவர் அவருக்குப் பின்வந்த சோபோக்ளிஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். பேசும் வேடங்கள் அத்தனையையும் முகமூடி மாற்றி அந்த மூவரே கட்டினார்கள். மூன்றாமவருக்கு மதிப்பு குறைவு. கி.மு. 343இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் அரசியல் எதிரி எஸ்கினிஸைத் தாக்கியபோது, அவர் மூன்றாம் நடிகராக இருந்ததையே ஏளனமாகச் சொல்லிக்காட்டினார். எஸ்கினிஸ் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில் கட்டியதோ மன்னன் கிரியோனின் வேடம்! நடிகரின் இடமும் பாத்திரத்தின் கனமும் அன்றே வேறுவேறாகத்தான் இருந்திருக்கின்றன.

தமிழில் 'தலைமை மாந்தர்', 'துணைமாந்தர்' என்று எழுதுகிறோம். பாத்திரங்களுக்கு அவை போதும். ஆனால் அகோன் என்ற வேரின் சூடு அவற்றில் இல்லை. நம்மிடம் 'பொருநர்' இருக்கிறது. பொருதல் என்றால் போரிடுதல். பொருநர் போர்வீரருக்கும் பெயர், கலைஞருக்கும் பெயர். பொருநராற்றுப்படை பாடுவது இந்தக் கலைஞரைத்தான். ஆகவே முதற்பொருநர், இரண்டாம் பொருநர், மூன்றாம் பொருநர் என்பதே என் பரிந்துரை.

இந்த வரிசைக்குள்ளும் அடங்காத ஒருவர் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் வருகிறார். மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி. மன்னர் லியருக்கு உதவிய கிழவர் குளோஸ்டரை நாற்காலியில் கட்டிவைத்து, கார்ன்வால் கோமகன் ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். மற்றதற்குக் கை நீள்கிறது. மேடையில் நிற்கும் அவன் மனைவி ரீகன், லியரின் மகள், தடுக்கவில்லை. தடுப்பவன் கார்ன்வாலின் சொந்த வேலைக்காரன். சிறுவயது முதல் உங்களுக்கு ஊழியம் செய்கிறேன், இப்போது உங்களைத் தடுப்பதைவிடச் சிறந்த ஊழியம் செய்ததில்லை என்கிறான். வாள் மோதுகிறது. கார்ன்வாலுக்குப் படுகாயம். ரீகன் ஒரு வாளை எடுத்துப் பின்னாலிருந்து குத்த, அவன் விழுகிறான். உடலைக் குப்பைமேட்டில் எறியச் சொல்கிறார்கள்.

அவனுக்குப் பெயர்கூட இல்லை. பிரதியில் வெறும் 'முதல் வேலைக்காரன்'. வசனம் பத்து வரிகூட இல்லை. குளோஸ்டரின் இரண்டாவது கண்ணை அவனால் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் அவன் தந்த காயத்தில் கார்ன்வால் சாகிறான். ரீகன் விதவையாகிறாள், குளோஸ்டரின் மகன் எட்மண்டுக்காக அவளுக்கும் அவள் அக்கா கோனரிலுக்கும் மூண்ட போட்டி கூர்மையாகி, கடைசியில் அக்கா தங்கைக்கு நஞ்சு வைப்பதில் முடிகிறது.

இவனைத் 'துணைமாந்தர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவன் யாருக்கும் துணையாக மேடையேறவில்லை. தன் எசமானுக்கு எதிராகவே நின்றான். அளவைக் குறிக்க 'சிறுமாந்தர்' என்று சொல்லலாம். செயலைக் குறிக்கப் 'பொருநன்' என்ற சொல், அதன் இரண்டு பொருளிலும், அவனுக்கு முழுதாகப் பொருந்துகிறது.