டிமோஷன்: பதவியிறக்கமா, பொறுப்பு மாற்றமா?

‘முன்னே நகர்த்து’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது புரமோஷன். அதற்கு எதிர்ச்சொல்லாக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்ததுதான் டிமோஷன். தமிழில் நேர்ச்சொல் பதவியிறக்கம். ஆனால் அது தண்டனைச் சொல். சில விதிவிலக்குகள் தவிர, விசாரணை இல்லாமல் அரசு ஊழியரைப் பதவியிறக்கம் செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

20 வருடம் விசுவாசமாக உழைத்த மேலாளரை வேறு வேலைக்கு மாற்றும்போது இந்தச் சொல்லைப் போடுவது அநியாயம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கணவாய் மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கொள்முதல் மேலாளர் என்றால், கூடையைப் பார்த்ததும் தரம் சொல்லிவிடுவார். படகுக்காரர் அத்தனை பேரும் அவர் பேச்சை நம்பிச் சரக்கு போடுவார்கள். ஆனால் கடலில் பிடித்ததை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்ப 2010 முதல் மீன்பிடிச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகு, எந்தக் கடல் பகுதி, எத்தனை கிலோ என்று கணினியில் ஏறியாக வேண்டும். அவரை எடுத்த காலத்தில் இந்த வேலையே கிடையாது. ஆகவே பொறுப்பு மாற்றம் என்பதே சரியான சொல்.

ஆணையில் புதிய பொறுப்பின் பெயரும், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கட்டும். படகுக்காரர் தொடர்பு, அவர்களுக்குக் கொடுத்த முன்பணத்தின் வசூல், தரம் பிரிக்கப் புதியவர்களைப் பழக்குவது எல்லாம் அவருக்கேற்ற வேலைகள். வேலையே இல்லாத ‘ஆலோசகர்’ பட்டம் கொடுத்தால் ஊர் அதை ஓரங்கட்டுதல் என்றுதான் சொல்லும். சரக்கும் அவர் பின்னால் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்காகிறது: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி முதலியன சேர்ந்த மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி வருடங்களாலும் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய்க்கு 20 வருடத்தில் 3,00,000. அதை 20,800 ஆக்கினால் 2,40,000. முந்தைய உழைப்புக்கும் சேர்த்து 60,000 ரூபாய் நட்டம்.

பொறுப்பை ஒப்படைக்க, விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. முன்பணக் கணக்கு பெரும்பாலும் பழைய மேலாளரின் நோட்டில்தான் இருக்கும். வாய்மொழியாகச் சொன்ன விலை அதிலும் இருக்காது. பழையவரும் புதியவரும் சேர்ந்தே ஒவ்வொரு படகுக்காரரையும் பார்த்து, நிலுவையை எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டுவிட்டால், தடை முடிந்து முதல் சரக்கு இறங்கும் அன்றே தகராறு வரும்.