லிஜின்: ஜரிகை இல்லாத பூநெசவு

சீனாவின் ஹைனான் தீவில் வாழும் லி மக்களின் கைநெசவுத் துணிக்குச் சீன மொழியில் 'லிஜின்' என்று பெயர். 'லி' என்பது ஹான் சீனர் வழங்கும் இனப்பெயர். அம்மக்கள் தம்மை 'ஹ்லாய்' என்பர். 'ஜின்' என்பதை எழுதும் சீன எழுத்தில் ஒருபக்கம் பொன், மறுபக்கம் பட்டுத்துணி. பொன் அங்கே ஒலியைக் காட்டவும் நிற்கிறது. அதை நம்பி 'ஜரிகைப் பட்டு' என்று பெயர்த்தால் பிழை. இந்தத் துணிக்கு அடிப்படை பருத்தியும் செடிநாரும்தான்.

தமிழில் 'பூநெசவு' சரியாகப் பொருந்தும். துணியில் விழும் எந்த உருவையும் நாம் பூ என்றுதான் சொல்கிறோம். பொருநராற்றுப்படையே நுண்ணிய ஆடையைப் 'பூக்கனிந்து' என்கிறது. லி துணியின் 'பூ' பெரும்பாலும் மனித உருவும் தவளையும்.

தறிக்குச் சட்டம் கிடையாது. பெண் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, பாவின், அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல்களின், ஒரு முனைக் கழியைப் பாதங்களால் உதைத்துப் பிடிக்கிறாள். மறுமுனை இடுப்புவாரில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும். பாவு இழைகளைப் பிரித்து உயர்த்தும் விழுதுக்கழியைத் தூக்கும்போது சற்று முன்னே குனிந்து தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் தூக்கினால் இழை அறும். சாய்வு ஒரே சீராக இல்லாவிட்டால் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். கை எட்டும் அகலமே துணியின் அகலம் என்பதால், பட்டைகளை இணைத்துத்தான் பாவாடை தைக்கிறார்கள். நெருக்கம் பிசகிய பட்டையில் பூ நீண்டோ குறுகியோ போய், தையலில் பக்கத்துப் பட்டையோடு சேராது.

லிஜின் என்ற ஒரே பெயருக்குள் வேறு வேலைகளும் அடங்கும். லி மக்களுள் மெய்ஃபு கிளையினர் பாவுநூலைக் கட்டிச் சாயமேற்றிவிட்டே நெய்வர். அது 'கட்டுச்சாயப் பாவு'. ருன் கிளையினரின் ஊசிவேலை இருபுறமும் ஒன்றுபோல் தெரியும். அதை 'இருபுறப் பூத்தையல்' எனலாம். இவற்றைப் பூநெசவு என்று எழுதக்கூடாது.

லி மக்களில் ஹா, ச்சி, ருன், சாய், மெய்ஃபு என ஐந்து கிளைகள். ருன் பெண்களின் பாவாடை மிகக் குட்டை, மெய்ஃபு பாவாடை நீளம். உடுத்தியதைப் பார்த்தே கிளையைச் சொல்லிவிடலாம். மரபாக எழுத்து இல்லாத அவர்களுக்கு வரலாற்றையும் தொன்மத்தையும் தாங்கியது இந்தப் பூக்கள்தாம். 2009இல் யுனெஸ்கோ இக்கலையை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2024இல் அதிலிருந்து மானுட மரபுகளின் பிரதிநிதிப் பட்டியலுக்கு மாற்றியது. கிளைக்குக் கிளை வேலை மாறுவதால், தமிழில் எழுதுவோர் கிளைப்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்: 'மெய்ஃபு கட்டுச்சாயப் பாவு', 'ருன் இருபுறப் பூத்தையல்'.