அணுகல்தன்மை: காசு கட்டும் இடத்தில் அதன் பொருள்

பார்வை இல்லாதவரும் காது கேளாதவரும் கை நடுங்குபவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஓர் இடத்தையோ கருவியையோ இணையப் பக்கத்தையோ பிறர் தயவின்றித் தாமே பயன்படுத்தக்கூடியதாக இருக்கும் இயல்பே அணுகல்தன்மை. ஆங்கிலத்தில் அக்செசிபிலிட்டி என்பார்கள். திருகோணமலையில் இந்தச் சொல்லைச் சொன்னால் வங்கி வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ உள்ள சாய்தளம்தான் பலருக்கு நினைவு வரும். சாய்தளம் கட்டாயம் வேண்டும். ஆனால் அதில் ஏறி உள்ளே போனவர் சாமானை எடுத்துக்கொண்டு கடைசியில் காசு கட்டும் இடத்துக்கு வருகிறாரே, அங்கேயும் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

முதலில் வேர். ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'நோக்கி' என்ற முன்னொட்டும் 'செல்' என்ற வினையும் சேர்ந்தது. தமிழ் 'அணுகு'வும் அதே பொருளை நெடுங்காலமாகச் சுமந்து வருகிறது. அண்மை, அண்டை, அண்டு, அணித்து எல்லாம் இதன் உறவுகள். துகளைக் குறிக்கும் 'அணு' வடசொல். அதற்கும் இதற்கும் உறவில்லை. 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்ற குறளில் அரசனிடம் எவ்வளவு நெருங்கலாம் என்று பார்த்து நடக்க வேண்டியவர் நெருங்குகிறவரே. அரசனுக்கு அதில் ஒரு பொறுப்பும் இல்லை. இன்றைய 'அணுகத்தக்க' என்ற பெயரடை அந்தப் பொறுப்பை மறுபக்கம் வைக்கிறது. அணுகத்தக்கதாக இருக்க வேண்டியது கடை, மெசின், இணையப் பக்கம். வருகிற மனிதர் அல்ல.

நம் பேச்சில் இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் உண்டு. 'அவரால ஏலாது', 'ஏலாத ஆள்' என்று சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். ஆனால் 'ஏல்' என்ற வினையின் பழைய பொருள் பொருந்துதல், தகுதல். 'ஏற்ற' என்ற சொல் அதிலிருந்தே வருகிறது. ஆகவே ஏலாது என்றால் பொருந்தாது என்றும் பொருள். பொருந்தாமை இரண்டு தரப்புகளுக்கு இடையில் இருப்பது. அதை மனிதர் ஒருவரின் தலையில் மட்டும் சுமத்துவது சொல்லுக்கும் நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை.

வங்கி அட்டையால் காசு கட்டும் காட் மெசினை எடுத்துக்கொள்வோம். பழைய வகை மெசினில் அழுத்தும் விசைகள் இருக்கும். நடுவில் உள்ள 5 ஆம் விசையின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக நிற்கும். விரல் அதைக் கண்டுகொண்டால் மற்ற இலக்கங்கள் எங்கே என்று கை தானே அறியும், ஏனென்றால் தொலைபேசியைப் போல 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். இரத்து சிவப்பு, திருத்து மஞ்சள், உறுதி பச்சை. பல மெசின்களில் அவற்றின் மேல் தடவி அறியும் குறிகளும் உண்டு. இவ்வளவும் சேர்ந்ததால்தான் பார்வை இல்லாத ஒருவர் தன் இரகசிய இலக்கத்தைத் தானே அடிக்க முடிந்தது.

இப்போது வருகிற பல மெசின்கள் வெறும் கண்ணாடித் திரை. புள்ளியும் இல்லை, விளிம்பும் இல்லை. அப்போது நடப்பது என்ன? காசாளராக இருக்கும் பிள்ளை நல்ல மனதோடு, 'ஐயா, பின் நம்பரைச் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்' என்கிறது. பின்னால் வரிசையில் நிற்கிற எல்லோர் காதிலும் விழ, அந்த மனிதர் தன் வங்கிக் கணக்கின் சாவியை வாயால் சொல்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று எச்சரிக்கிற அதே வங்கி கொடுத்த மெசின்தான் அவரைச் சொல்ல வைக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அணுகல்தன்மை என்பதை உதவி என்று மொழிபெயர்க்கக்கூடாது என்பேன். இங்கே பிறர் உதவியே ஆபத்து.

இதற்குத் தீர்வுகள் உண்டு. சில கண்ணாடித் திரை மெசின்களில் குரல் வழிகாட்டும் முறை இருக்கிறது. சிலவற்றுக்கு மேலே பொருத்தும், விரலால் தடவி இலக்கங்களை அறியும் தடவு மூடி கிடைக்கிறது. இவை இருப்பதும் இவற்றை எப்படி இயக்குவது என்பதும் கடையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு தொகை அடிக்கப்பட்டது என்பது இன்னொரு கவலை. 1,500 க்குப் பதில் 15,000 விழுந்தாலும் பேசாத திரை சொல்லாது. அட்டை பாவித்தவுடன் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியைக் கைத்தொலைபேசி உடனே வாசித்துக் காட்டும் என்பதால், அந்த அறிவித்தலை வாங்கி வைத்திருப்பது நல்லது. அட்டையிலும் வேலை நடந்திருக்கிறது: 2021 இல் மாஸ்டர்காட் அறிவித்த ஒரு வடிவமைப்பில் கடனட்டையின் ஓரத்தில் வட்ட வெட்டும் பற்று அட்டையில் சதுர வெட்டும் முற்கொடுப்பனவு அட்டையில் முக்கோண வெட்டும் இருக்கும். தடவினால் எந்த அட்டை என்று தெரிந்துவிடும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சிக்கல் வேறு. உயர்ந்த கண்ணாடி மேசைக்குப் பின்னால் மெசினைத் திருகி வைத்திருக்கிறார்கள். கைக்கும் எட்டாது, திரையும் தெரியாது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வெளிநாட்டுப் பயணிகளின் மேசைக்கே மெசினைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதே வழக்கம் பிரதான வீதி மருந்துக்கடைக்கும் பொருந்தும். கியூ.ஆர். அட்டையும் அப்படித்தான். மத்திய வங்கி ஊக்குவித்த லங்காகியூ.ஆர். குறியைச் சுவரில் உயரத்தில் ஒட்டாமல், கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய தனி அட்டையாக வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கமராவை எங்கே பிடிப்பது என்று தெரியாதவருக்கும் கையில் உள்ள அட்டைக்கு நேரே பிடிப்பது இலேசு.

இணையத்தில் வாங்கும்போது கடைசியில் வருவது கொடுப்பனவுப் பக்கம். இங்கே அணுகல்தன்மைக்கு எழுதப்பட்ட அளவுகோல் இருக்கிறது. இணையத்துக்குத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் (W3C) வழிகாட்டி நெறிகள் 1999 இல் முதல் தடவை வந்தன, 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வெளியானது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன. பிழையை வெறும் சிவப்புக் கோட்டால் காட்டாமல் எழுத்தில் சொல்ல வேண்டும். காசு சம்பந்தப்பட்ட படிவமென்றால், அனுப்புமுன் சரிபார்க்கவோ பின்பு மீட்கவோ வழி இருக்க வேண்டும். நேரம் முடியப்போகிறது என்றால் முன்பே எச்சரித்து நீட்டிக்க விட வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. ஒருமுறை மட்டும் பாவிக்க வங்கி அனுப்பும் ஓ.ரி.பி. இலக்கத்தைத் தேடி எடுத்து மெதுவாக அடிப்பவருக்கு அந்தச் சில நொடிகளின் பெறுமதி தெரியும்.

தமிழர்களான நமக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கம் கண்ணுக்குத் தமிழ்; கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் குவியல். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை வாசித்தால் எந்த மொழியும் ஆகாத ஒலிதான் வரும். தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு உள்ள யுனிகோடில் எழுதினாலும், இந்தப் பக்கம் தமிழ் என்று மொழிக்குறி இடாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போய்விடலாம். 'உறுதிசெய்' என்ற பொத்தானைப் படமாகப் போட்டு, அதற்குப் பெயர் எழுதாமல் விட்டால் திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். காசு அனுப்புகிற பொத்தானா, இரத்துச் செய்கிற பொத்தானா என்று அழுத்திய பிறகுதான் தெரியும். காது கேளாதவருக்கோ பக்கம் முழுவதும் சரியாக இருந்தும், 'உறுதிப்படுத்த உங்களுக்கு அழைப்பு எடுப்போம்' என்ற ஒரு வரியில் வழி அடைபட்டுப் போகும். குறுஞ்செய்தி வழியும் சேர்ந்திருக்க வேண்டும்.

இலங்கைச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இடமுண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2006 இல் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை கட்டடங்களோடு தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் புதிய கொடுப்பனவு மெசின்களுக்கும் இணைய வணிகத்துக்கும் அணுகல்தன்மை கட்டாயம். ஆகவே புது மெசின் வாங்கும் நம் வங்கிகளிடம் 'இதில் குரல் முறை உண்டா?' என்று கேட்பது அளவுக்கு மிஞ்சிய ஆசை அல்ல.

இனித் தமிழ்ச் சொல். அணுகும் வசதி, அணுகல்தன்மை, மாற்றுத்திறன் வசதி என மூன்றும் வழக்கில் உள்ளன. மூன்றாவது சில கைத்தொலைபேசிகளின் அமைப்புகளில் வருகிறது. அது வசதியை ஒரு சாராருக்கு ஒதுக்கிவைக்கிறது என்பதால் எனக்கு உடன்பாடில்லை. 'வசதி' என்ற சொல் வடமொழியில் குடியிருப்பைக் குறித்தது. சமணரின் 'பசதி'யும் அதுவே. இன்று தமிழில் அது கூடுதலாகக் கிடைக்கும் சுகத்தைக் குறிக்கிறது. சாய்தளம், தடவு மூடி போன்ற தனித்தனிப் பொருள்களை அணுகும் வசதிகள் என்று சொல்லலாம். மெசினின் இயல்பைச் சொல்ல அணுகல்தன்மையே சரி. பெயரடையாக 'அணுகத்தக்க' என்று எழுதலாம்: அணுகத்தக்க காட் மெசின், அணுகத்தக்க கொடுப்பனவுப் பக்கம். கடை வாசலில் எழுதும்போது கலைச்சொல் தேவையே இல்லை: 'இங்கே பேசும் காட் மெசின் உண்டு. உங்கள் கையிலேயே தருவோம். பின் நம்பரை எங்களிடம் சொல்ல வேண்டாம்.'