தண்ணீர்மலை அருவிக்குப் போக பெர்மிட் வேண்டுமா?

பினாங்குத் தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்குள்ள அருவியால்தான். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் போகிறோம், 513 படி ஏறி முருகனைக் கும்பிடுகிறோம், இறங்கி வந்து தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கிறோம். ஆனால் அந்த அருவியை நேரில் பார்த்தவர்கள் என் வயதில் ரொம்பக் குறைவு. என் பெரியப்பா சின்ன வயதில் அதில் குளித்ததாகச் சொல்வார். இப்போது அது பினாங்கு நீர் விநியோகக் கழகத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதாவது பிபிஏ-வின் கையில் இருக்கிறது. எழுதிக் கேட்டு அனுமதி வாங்காமல் கேட்டைத் தாண்ட முடியாது.

பலருக்கும் இது தெரியாது. காடு பொது இடம்தானே, நடந்து போக யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கிளம்பும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது? பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். பினாங்கு மலைப்பக்கத்தில் பெரும்பாலும் வனத்துறை, பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை), பிபிஏ என்ற இந்த மூன்று பெயர்களில் ஒன்றுதான் வரும். வழியில் இருக்கும் போர்டே அதைச் சொல்லிவிடும். 'ஹுத்தான் சிம்பான் கெக்கால்' என்றிருந்தால் நிரந்தர வனக்காப்பகம், வனத்துறை. 'தாமான் நெகாரா' என்றால் தேசியப் பூங்கா, பெர்ஹிலித்தான். 'காவாசான் தாடாஹான் ஆயர்' என்றால் நீர்ப்பிடிப்புப் பகுதி. 'டிலாராங் மாசோக்' (நுழையத் தடை) என்று சேர்ந்து இருந்தால் அப்படியே திரும்பிவிட வேண்டியதுதான்.

இதில் அதிகம் சிக்கிக்கொள்வது முதல் வகையில். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், 47ஆவது பிரிவு. அனுமதி இல்லாமல் வனக்காப்பகத்துக்குள் போனால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். 'எல்லாரும் போகிறார்களே, யூடியூப்பில் வழியெல்லாம் காட்டுகிறார்களே' என்று சொல்லித் தப்ப முடியாது. பாதை தெளிவாக இருப்பது வேறு, போக அனுமதி இருப்பது வேறு.

இன்னொன்று, காடும் நிலமும் நம் நாட்டில் மாநில அரசின் அதிகாரம். சட்டம் ஒன்றானாலும் கட்டணம், விண்ணப்பிக்கும் முறை, எந்த மலைக்கு வழிகாட்டி கட்டாயம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கோலாலம்பூர் கூட்டாளிகள் இங்கே வந்து தடுமாறுவது இதனால்தான். நாம் அங்கே போனாலும் அதே கதை. மெலாவத்தி பக்கம் நிற்கும் புக்கிட் தாபுரைக் கோலாலம்பூர் என்றே பேசுகிறோம். 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் படிகப் பாறைத் தொடர் உண்மையில் சிலாங்கூரில் இருக்கிறது, அதனால் கேட்க வேண்டியது சிலாங்கூர் வனத்துறையை. விழுந்து இறந்தவர்கள் உண்டு, பாதையை மூடியதும் உண்டு. அங்கே பெர்மிட் வெறும் சம்பிரதாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

விண்ணப்பம் ஒன்றும் பெரிய வேலையில்லை. போகிற ஒவ்வொருவரின் பெயர், அடையாளக் கார்டு எண், கைபேசி எண், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எந்தத் தேதி, எந்தப் பாதை. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தால் பாஸ்போர்ட் எண். முதல் நாள் சாயங்காலம் கேட்டால் கிடைக்காது, சில நாள் முன்பே கேளுங்கள். சில மலைகளுக்கு 'மாலிம் குனுங்' என்னும் பதிவுபெற்ற வழிகாட்டி கூட வந்தாக வேண்டும். அவரை வைத்தால் பெர்மிட் வேலையையும் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொள்வார்.

குடும்பத்தோடு போய் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவைத்து, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதானா? அதற்கு 'தாமான் எக்கோ ரிம்பா' என்னும் வனப் பொழுதுபோக்கு இடம் போதும். முன்பு ஹுத்தான் லிப்பூர் என்றோமே, அதேதான். தெலுக் பஹாங்கில் ஒன்று, புக்கிட் மெர்தாஜாமில் ஒன்று. பொழுதுபோக்குப் பகுதிக்குள் தனி பெர்மிட் தேவையில்லை. வேலியைத் தாண்டி மலையேறும் பாதையில் கால் வைத்தால் மேலே சொன்ன சட்டம் வந்துவிடும்.

பினாங்கு தேசியப் பூங்கா வேறு கணக்கு. 2003இல் தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் வந்தது. தெலுக் பஹாங் கடைசியில், மீன்பிடிப் படகுகளுக்குப் பக்கத்தில் வாசல். முன்கூட்டிய விண்ணப்பம் இல்லாமல் பகல் நடைக்குப் போகலாம், ஆனால் கவுண்டரில் பதிந்துவிட்டுத்தான் உள்ளே. அடையாளக் கார்டை எடுத்துப் போங்கள். மலேசியருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி. பந்தாய் கெராச்சூட் வரை நடந்தால் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்காமல் மேலும் கீழுமாக நிற்கும் ஏரியைப் பார்க்கலாம். வறட்சியான நாளில் போனால் வெறும் சேறுதான், ஏமாந்து திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

பிபிஏ இடங்களில் கெடுபிடி ஏன் என்றால், அது குடிக்கிற தண்ணீர். ஜார்ஜ்டவுனுக்கு ஆரம்பத்தில் தண்ணீர் கொடுத்ததே தண்ணீர்மலை அருவிதான். இப்போது பினாங்கின் பெரும்பகுதித் தண்ணீர் மூடா ஆற்றிலிருந்து வந்தாலும் தீவின் ஓடைகளை அவர்கள் கைவிடவில்லை. அதில் சோப்புப் போட்டுக் குளிப்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்காவது மாதம் ஒரு நாள் அந்த அருவியைத் திறந்து காட்டலாம் என்பது என் கருத்து.

எந்தத் தாளும் இல்லாமல் போக நல்ல இடங்கள் இல்லாமலில்லை. 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு இலவசமாகப் போகலாம், குரங்குகளுக்கு மட்டும் எதுவும் கொடுக்கக்கூடாது. அதன் வாசல் பக்கத்திலிருந்து பினாங்கு மலைக்கு ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு போகிறது, விடிகாலையில் பாதிப்பேர் அங்கேதான். பாறை பார்க்க வேண்டுமானால் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குப் போங்கள். செரோக் தோக்குன் கல் அங்கே இருக்கிறது. 1845இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டறிந்து வெளியுலகுக்குத் தெரிந்த கல்வெட்டு, பல்லவ எழுத்து வகை, மொழி சமஸ்கிருதம். பாதி தேய்ந்துவிட்டது. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கீறல் கண்ணுக்குப் படும்.

மழைக்காலத்தில் பெர்மிட் கையில் இருந்தாலும் 'துத்தூப்' (மூடியிருக்கிறது) போர்டு போட்டிருந்தால் போகாதீர்கள். நம் ஆட்கள் 'கெப்பாலா ஆயர்' என்றே சொல்வது, மேலே மழை கொட்டி, கீழே வெயில் அடிக்கும்போதே பாய்ந்து வரும் வெள்ளம். 2021 ஆகஸ்ட்டில் கெடா ஜெராய் மலையில் ஆட்களை அடித்துக்கொண்டு போனது அதுதான். தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் பையைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். அப்புறம் 999.

திரும்பி வந்ததும் கவுண்டரில் கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். 'மாசோக்' (உள்ளே), 'கெலுவார்' (வெளியே) என்று இரண்டு கட்டம் இருக்கும். நான் ஒருமுறை இரண்டாவதை நிரப்பாமல் கிளம்பிவிட்டேன். பாலிக் புலாவில் லக்சாவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "அங்கிள், இன்னும் காட்டுக்குள்ளேயா இருக்கீங்க?" என்று மலாயில் கேட்டார் கவுண்டரில் இருந்த பையன். ஆள் தேட டார்ச்சை எடுத்துவிட்டார்களாம்.